தனித்து நின்ற நீதிபதி

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளியூர் வந்து சேர்ந்த நம் போன்றவர்க்கு ஓர் அச்சம் உண்டு. நோய் வருமே என்ற அச்சமும் வேலை போய்விடுமே என்ற அச்சமும் எல்லார்க்கும் பொது. நமக்கே உரிய அச்சம் வேறு. நம்மவர் நம்மைக் கைவிட்டு விடுவார்களோ என்பதுதான் அது. வாய் திறந்தால் தமிழ் பேச நாலு குடும்பம், நல்லது கெட்டதற்கு வந்து நிற்க நாலு பேர், இவர்களே அயலூரில் நமக்கு ஊரும் உறவும். ஆதலால் இவர்கள் முகம் கோணுவதற்கு நாம் அஞ்சுவது போல, மேலதிகாரியின் கோபத்துக்குக்கூட அஞ்சுவதில்லை. அந்த அச்சம் ஒரு மனிதனை எவ்வளவு சிறியவனாக்கும் என்பதை என் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியால் அறிந்தேன். அதை வென்ற மனிதன் எவ்வளவு பெரியவனாகிறான் என்பதை, வயது முதிர்ந்த பிறகு, அமெரிக்க நீதிபதி ஒருவரின் வரலாற்றால் அறிந்தேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் நீதிபதியாகவோ வழக்கறிஞனாகவோ இருந்தவன் அல்லன், சுருக்கெழுத்தாளனாக இருந்தவன். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி இறுதித் தேர்வு தேறி, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் 'ஹையர்' வரை கற்று, 1969ஆம் ஆண்டில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி வடக்கே வந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் நீதிபதிகள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர்கள் சில வேளைகளில் அமெரிக்க நாட்டுத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவார்கள். அந்த அயல்நாட்டுப் பெயர்களைப் பிழையின்றி அடித்துக் கொடுப்பதே எனக்குக் கவலை. அப்பெயர்களுக்குப் பின்னால் வீடும் வாசலும் அண்டை அயலும் உடைய மனிதர் இருந்தனர் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற தசரா விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். சட்டக் கல்லூரியில் படிப்பவள். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த 'பிரௌன்' வழக்கின் தீர்ப்பைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. வெள்ளையர் குழந்தைகளையும் கறுப்பினக் குழந்தைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கூறிய தீர்ப்பு அது. நான்கு மாநிலங்களிலிருந்து வந்த வழக்குகளை ஒன்றாக வைத்து விசாரித்தார்கள். அவற்றுள் தென் கரோலினா மாநிலத்து வழக்கைக் கீழ்மன்றத்தில் மூன்று நீதிபதிகள் கேட்டனர். இருவர் பள்ளிப் பிரிவினை சரியே என்றனர். ஒருவர் மட்டும் தவறு என்றார்.

"தாத்தா! தோற்றுப்போன அந்த ஒருவர் எழுதியதுதானே மூன்று வருஷம் கழித்து நாட்டுக்கே சட்டமாயிற்று? அவர் பேரை ஏன் யாரும் சொல்வதில்லை?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அவள் ஊர் திரும்பிய பின்னும் அக்கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். அவர் பெயர் ஜூலியஸ் வேட்டீஸ் வேரிங்.

வேரிங் 1880ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். அது தென் கரோலினாவின் பழைய துறைமுகப் பட்டினம். அடிமைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கிய இடம். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய இடமும் அதுவே. அந்த ஊரில் எட்டுத் தலைமுறையாக வாழ்ந்த குடும்பம் வேரிங்குடையது. அவருடைய தந்தையார் உள்நாட்டுப் போரில் தென்னாட்டுப் படையில் நின்றவர். வேரிங் 1900இல் அவ்வூர்க் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். பின்னர் நகராட்சியின் வழக்கறிஞராகவும் இருந்தார். ஊரின் பெரிய மனிதர்கள் கூடும் இடங்களிலெல்லாம் அவருக்கு இடம் இருந்தது. 1938இல் 'பருத்தி எட்' என்ற பட்டப்பெயர் கொண்ட ஸ்மித் என்பவர் செனட் சபைத் தேர்தலில் நின்றபோது அவருக்காக வேலை செய்தவர்களுள் வேரிங்கும் ஒருவர். அந்த ஸ்மித்தோ வெள்ளையர் மேலாண்மையை வெளிப்படையாக முழங்கியவர். அறுபது வயது வரை, தம் ஊரார் எதைச் சரி என்றார்களோ அதையே சரி என்று கொண்டு வாழ்ந்தவர் வேரிங். இதை நான் மறைக்க விரும்பவில்லை. உண்மையில், என்னை அவரிடம் ஈர்த்ததே இதுதான்.

ஈண்டு ஒன்றை விளக்குதல் நலம். நம் நாட்டில் நீதிமன்றங்கள் ஒரே ஏணியின் படிகளாக அமைந்தவை. அமெரிக்காவிலோ ஏணி இரண்டு. மாநிலச் சட்டங்களுக்கு மாநில நீதிமன்றங்கள். மத்திய அரசின் சட்டங்களுக்கும் அரசியல் சட்ட உரிமைகளுக்கும் ஃபெடரல் நீதிமன்றங்கள். ஃபெடரல் நீதிபதியைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். செனட் சபை இசைவு தரும். அதன்பின் நன்னடத்தை உள்ளவரை வாழ்நாள் முழுவதும் பதவி அவருடையது. மாநில ஆளுநரோ, சட்டசபையோ, ஊர்ப் பிரமுகர்களோ அவரை அசைக்க முடியாது. சம்பளத்தைக்கூடக் குறைக்க இயலாது. 1942ஆம் ஆண்டு தொடக்கத்தில், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் நியமனத்தால் வேரிங் அத்தகைய பதவியில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 61.

முதலில் அவர் செய்தவை சிறிய காரியங்களே. தம் மன்றத்தில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனியே அமரும் வழக்கத்தை நிறுத்தினார். கறுப்பினத்தவர் ஒருவரை மன்றச் சேவகராக நியமித்தார். 1944இல், ஒரே படிப்பும் ஒரே வேலையும் உடைய கறுப்பின ஆசிரியர்களுக்கு வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் தருவது செல்லாது என்றார். சட்டம் தெளிவாக இருந்தது. சட்டம் சொன்னதை அவர் சொன்னார், அவ்வளவே. இதற்கு மேல் அவர் மனம் அப்போது சென்றதாகத் தெரியவில்லை.

1945இல் அவர் இல்வாழ்க்கையில் ஒரு பெரும் மாறுதல் ஏற்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டு உடன் வாழ்ந்த மனைவியிடமிருந்து அவர் மணவிலக்கு நாடினார். தென் கரோலினாவில் அக்காலத்தில் மணவிலக்குக்கே சட்டம் இல்லை. ஆகவே அந்த அம்மையார் வேறு மாநிலம் சென்று அதைப் பெற நேர்ந்தது. உடனே வேரிங், வட மாநிலத்திலிருந்து வந்த எலிசபெத் என்ற மாதரசியை மணந்தார். ஊர் கொதித்தது. அந்த முதல் மனைவிக்கு நேர்ந்த துன்பத்தைச் சிறிதாக எண்ண என்னால் முடியவில்லை. பிற்காலத்தில் வேரிங் அளித்த தீர்ப்புகளையெல்லாம், "ஊரார் விருந்துக்கு அழைக்காத ஆத்திரத்தில் எழுதியவை" என்று பேசுவதற்கும் அவருடைய பகைவருக்கு அது வாய்ப்பாயிற்று. மனிதர் எவரும் குறையற்றவர் அல்லர். குறையுள்ளவர் ஒருவர் நியாயத்தின் பக்கம் நிற்கும்போது, குறையைக் காட்டி நியாயத்தைத் தள்ளிவிட முடியுமா என்பதே கேள்வி.

அவருடைய கண்ணைத் திறந்தது ஒரு குருடரின் வழக்கு. ஐசக் உடார்ட் என்ற கறுப்பினப் போர்வீரர், இரண்டாம் உலகப் போரில் பணி புரிந்து, 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் நற்சான்றுடன் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, உடுத்திய இராணுவ உடையோடு பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் சிறுநீர் கழிக்க இறங்க வேண்டும் என்று கேட்டதில் ஓட்டுநருக்கும் அவருக்கும் வாக்குவாதம் மூண்டது. பேட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் ஓட்டுநர் போலீஸாரை அழைத்தார். அவ்வூர்ப் போலீஸ் தலைவர் லின்வுட் ஷல் என்பவர் உடார்டைத் தடியால் அடித்தார். இரு கண்களும் போயின. போரில் போகாத கண்கள், வீட்டுக்குச் சில மணி நேர வழியில் போயின.

செய்தி நாடெங்கும் பரவியது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் கேட்டுத் துணுக்குற்றார். மத்திய அரசு ஷல்லின் மீது வழக்குத் தொடர்ந்தது. 1946 நவம்பரில் கொலம்பியா நகரில் வேரிங்கின் முன் அது விசாரணைக்கு வந்தது. சான்றுகளைத் தேடிச் சேர்ப்பதில் அரசு வழக்கறிஞர் காட்டிய அசட்டையைக் கண்டு வேரிங் மனம் கசந்தார். ஜூரர்கள் அனைவரும் வெள்ளையர். நம் நாட்டில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை மறைந்தது. ஆதலால் இளைஞர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். குற்றம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது ஊர்ப் பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுத்த பன்னிருவர். நீதிபதி சட்டத்தை எடுத்துச் சொல்வதோடு சரி. ஜூரர்கள் கலந்து பேச உள்ளே சென்றனர். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து விடுதலை என்று சொல்லிவிடுவார்களே, அது இன்னும் வெட்கக்கேடாயிற்றே என்று எண்ணிய வேரிங், தாம் இல்லாமல் தீர்ப்பைச் சொல்ல முடியாது என்பதால் வெளியே உலாவச் சென்றுவிட்டார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அரைமணிக்கும் குறைவான நேரத்தில் ஷல் விடுதலை பெற்றார். பார்த்திருந்த எலிசபெத் அம்மையார் கண்ணீர் விட்டழுதார்.

அந்த உலாவலைப் பற்றிப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஜூரர்களை மாற்ற அவரால் முடியாது. தீர்ப்பைத் தடுக்க முடியாது. அநீதி சற்று நேரம் கழித்து வரட்டும் என்று வீதியில் நடக்கத்தான் முடிந்தது. ஆயினும் அவர் அதை மறக்கவில்லை. கணவனும் மனைவியும் இரவுகளில் தென்னாட்டின் வரலாற்றையும் இனப் பிரிவினையையும் பற்றிய நூல்களைப் படிக்கத் தொடங்கினர். அறுபத்தாறு வயதில் ஒருவர் தம் சொந்த ஊரைப் பற்றிப் பாடம் கேட்க அமர்ந்தார். என் நினைவில் அவருடைய தீர்ப்புகளைக் காட்டிலும் உயர்ந்து நிற்பது இச்செயல்தான்.

1947 ஜூலையில் வாக்குரிமை வழக்கு வந்தது. தென் மாநிலங்களில் அக்காலத்தில் ஜனநாயகக் கட்சி வைத்ததே சட்டம். அக்கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் வென்றவர், பொதுத் தேர்தலிலும் வென்றவர் போலத்தான். அந்த முன்தேர்தலில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1944இல் வேறொரு மாநிலத்து வழக்கில் கூறியதும், தென் கரோலினா ஒரு தந்திரம் செய்தது. முன்தேர்தல் பற்றிய சட்டங்கள் அனைத்தையும் ஒரேயடியாக நீக்கிவிட்டு, "கட்சி என்பது தனியார் மன்றம், மன்றத்தில் யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம்" என்றது. கொலம்பியாவில் சிறு கடை நடத்திய, புகைப்படமும் எடுத்துவந்த ஜார்ஜ் எல்மோர் என்ற கறுப்பினத்தவர் வழக்குத் தொடுத்தார். வேரிங் அந்தத் தந்திரத்தை ஏற்கவில்லை. தென் கரோலினா மீண்டும் ஐக்கிய நாட்டோடு வந்து சேர வேண்டிய காலம் வந்துவிட்டது என்று தீர்ப்பில் எழுதினார். உள்நாட்டுப் போரில் முதன்முதல் பிரிந்து போன மாநிலத்தைப் பார்த்து, அம்மாநிலத்துப் பழங்குடி ஒருவரே சொன்ன சொல் அது! கட்சித் தலைவர்கள் அடுத்த ஆண்டு புதிய தடையொன்று கொண்டுவந்தனர். இனப் பிரிவினையை ஆதரிப்பதாகச் சத்தியம் செய்தால்தான் வாக்கு என்றனர். அதையும் வேரிங் தள்ளினார். மீறுவோர் சிறைக்குச் செல்ல நேரும் என்று எச்சரித்தார். 1948 ஆகஸ்டு முன்தேர்தலில் சுமார் 35,000 கறுப்பின மக்கள் வாக்களித்தனர்.

வென்ற எல்மோருக்குக் கிடைத்தது என்ன? கடைக்குச் சரக்குக் கொடுப்பதை வியாபாரிகள் நிறுத்தினர். தொழில் முறிந்தது. மனைவி மனநோய்க்கு ஆளானார். 1959இல் அவர் வறியவராகவே இறந்தார். நீதிபதிக்குப் பதவி என்னும் கவசம் இருந்தது; வழக்காடியவருக்கு அதுவும் இல்லை. நீதிபதியைப் புகழும்போது இவர்களை மறந்தால் அந்தப் புகழ்ச்சி பொய்யாகும்.

ஆயினும் கவசம் அணிந்தவரையும் ஊரார் சும்மா விடவில்லை. நம் நாட்டில் ஊர்விலக்கு என்று ஒன்று உண்டல்லவா? தண்ணீர் கொடுக்காதே, நெருப்புக் கொடுக்காதே, வாசற்படி மிதிக்காதே என்று பஞ்சாயத்துக் கூடிச் சொல்லுவார்கள். சார்ல்ஸ்டனில் பஞ்சாயத்து எதுவும் கூடவில்லை. ஆனால் எல்லாம் அவ்வாறே நடந்தது. பதவியைப் பறிக்க முடியாதவர்கள் பந்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பால்ய நண்பர்கள் வீதியில் கண்டால் முகம் திருப்பிக்கொண்டனர். இரவில் தொலைபேசியில் வசைகள் வந்தன. அவ்வூர்ச் செய்தித்தாள் அவர் கொள்கையை எதிர்த்தது. அதில் அவருடைய சொந்த அண்ணன் மகனே ஆசிரியர் குழுவில் இருந்தார். 1950 ஜனவரியில் எலிசபெத் அம்மையார் கறுப்பினப் பெண்கள் சங்கம் ஒன்றில் வெள்ளையரைக் கண்டித்துப் பேசவே, பகை முற்றியது. வேரிங்கைப் பதவி நீக்கம் செய்ய வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். மாநிலச் சட்டசபையில், இத்தம்பதிகள் மாநிலத்தை விட்டுப் போகத் திரும்பும் பயணமில்லாத டிக்கெட் வாங்கித் தரலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தனர். அவ்வாண்டு மார்ச்சில் வீட்டின் முன் சிலுவை கொளுத்தப்பட்டது. அக்டோபரில் கற்கள் பறந்து வந்து சன்னலை உடைத்தன. மத்திய அரசு காவலர்களை அனுப்பியது. அமெரிக்க வார இதழ் ஒன்று அவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'ஊரிலேயே தனிமையான மனிதர்' என்று தலைப்பிட்டது. அப்போது அவர்கள் வீட்டு மேசையில் விருந்துண்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்து நண்பர்களே. எட்டுத் தலைமுறையாக வேரிங் குடும்பத்து விருந்தாளிகள் யார் என்பதை எண்ணினால், இதுவும் ஒரு தீர்ப்புத்தான்.

இந்நிலையில்தான் பள்ளி வழக்கு வந்தது. கிளாரண்டன் என்னும் நாட்டுப்புற மாவட்டத்தில் வெள்ளைக் குழந்தைகளை ஏற்றிச் செல்ல 30 பஸ்கள் இருந்தன. கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒன்றுகூட இல்லை. 1949-50ஆம் ஆண்டில் வெள்ளைக் குழந்தை ஒன்றுக்கு 179 டாலர் செலவிட்டார்கள். கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலர். டிலெய்ன் என்ற பாதிரியார் பெற்றோரை ஒன்று சேர்த்தார். ஹாரி பிரிக்ஸ் என்பவர் பெயரில் வழக்குப் பதிவாயிற்று. பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்த பிரிக்ஸ் வேலை இழந்தார். விடுதியில் பணி செய்த அவர் மனைவியும் வேலை இழந்தார்.

முதலில் அவர்கள் கேட்டது சம வசதிதான். அவர்கள் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். 1950 நவம்பரில் வேரிங் அவரிடம், இவ்வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிரிவினையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நேராகவே புது வழக்குத் தொடுக்கும்படி வழி காட்டினார். அத்தகைய வழக்கை மூன்று நீதிபதிகள் கேட்க வேண்டும். மற்ற இருவரும் எதிர்ப்பார்கள், தாம் தோற்போம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவ்வழக்கு மேல்முறையீட்டில் நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும் என்பதும் தெரியும். தோற்பதற்காகவே ஒரு வழக்கை வரவழைத்தார் என்று சொல்லலாம்.

1951 மே 28ஆம் நாள் சார்ல்ஸ்டனில் விசாரணை. விடியும் முன்பே கறுப்பின மக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து நீதிமன்றத்தின் வாயிலில் வரிசையாக நின்றனர். இடம் கிடைத்தவர் சிலர். கிடைக்காதவர் படிகளிலும் தாழ்வாரத்திலும் நின்று, உள்ளே நடப்பதைச் செவிவழிக் கேட்டு மகிழ்ந்தனர். ஜூனில் தீர்ப்பு வந்தது. பார்க்கர், டிம்மர்மன் என்னும் இரு நீதிபதிகளும், வசதிகளைச் சமமாக்குங்கள், பிரிவினை இருக்கட்டும் என்றனர். வேரிங் இருபது பக்கங்களில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்பது அதன் சாரம். அதற்கு முன், தம் சொந்தச் செலவில் இவ்வழக்கைத் தொடுத்த எளிய மக்களின் ஒப்பற்ற துணிவை அவர் அத்தீர்ப்பில் போற்றி எழுதினார். தம் துணிவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்த ஆண்டே, 1952இல், அவர் ஓய்வு பெற்று மனைவியுடன் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். எழுபத்தோராவது வயதில், எட்டுத் தலைமுறை வேரைப் பிடுங்கிக்கொண்டு வெளியூர் சென்றார். நாம் வயிற்றுக்காக ஊரை விட்டோம். அவர் மனச்சாட்சிக்காக விட்டார். 1954 மே 17ஆம் நாள் உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாக, பிரித்து வைத்த பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என்று தீர்ப்பளித்தனர். அன்று மாலை அவருடைய நியூயார்க் இல்லத்தில் நண்பர்கள் கூடி மகிழ்ந்தனர். டிலெய்ன் பாதிரியாருக்கு அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1955இல் அவருடைய தேவாலயத்துக்குத் தீ வைத்தனர். வீட்டை நோக்கிச் சுட்டனர். அவரும் மாநிலத்தை விட்டு ஓட நேர்ந்தது. அவர் மீது அப்போது சாட்டிய குற்றத்தை 2000ஆம் ஆண்டில்தான் நீக்கினார்கள். அதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

வேரிங் 1968 ஜனவரி 11ஆம் நாள் தம் 87ஆம் வயதில் நியூயார்க்கில் மறைந்தார். உடலைச் சார்ல்ஸ்டனுக்கே கொண்டுவந்தனர். கறுப்பின மக்கள் ஏறத்தாழ இருநூறு பேர் இறுதிச் சடங்குக்கு வந்தனர். வெள்ளையரை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறந்த ஊரார் மனம் மாற மேலும் பல ஆண்டுகள் சென்றன. 2014இல் அந்நீதிமன்றத்துத் தோட்டத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2015இல் அந்த நீதிமன்றக் கட்டடத்துக்கே அவர் பெயர் சூட்டினார்கள். அதற்கு முன் அது செனட்டர் ஹாலிங்ஸின் பெயர் தாங்கி நின்றது. ஹாலிங்ஸ் தாமாகவே, "என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை வையுங்கள்" என்று வேண்டிக்கொண்டார். அப்போது உயிரோடிருந்த அரசியல்வாதி ஒருவர் கட்டடத்திலிருந்து தம் பெயரை எடுக்கச் சொன்னார் என்பதை நான் இருமுறை படித்துப் பார்த்தே நம்பினேன்.

இனி, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட என் வாழ்க்கை நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

1979ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு நகரில் இருந்தேன். அங்கே நாற்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறு தமிழ்ச் சங்கம் நடத்தி வந்தோம். எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததாலும் சுருக்கெழுத்துத் தெரிந்ததாலும், கூட்டக் குறிப்பேடு என் பொறுப்பில் இருந்தது. பொங்கல் விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாக ஒருவர் வந்து ஆண்டுச் சந்தா ஐந்து ரூபாயைக் கொடுத்து, உறுப்பினராகச் சேர வேண்டும் என்றார். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், துப்புரவுப் பணியாளர். நான் பணத்தை வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் கமிட்டி கூடியது. சாதி என்ற சொல்லை ஒருவர்கூடச் சொல்லவில்லை. "பொங்கலன்று எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்குமே" என்று ஒருவர் இழுத்தார். "இடம் போதாது" என்றார் மற்றொருவர். எல்லாரும் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். "இடவசதிக் குறைவினால் இவ்வாண்டு புதிய உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்வதற்கில்லை" என்று குறிப்பேட்டில் அழகாக எழுதினேன். அதே மாதத்தில் வேறு இரண்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டோம். அதையும் நானே எழுதினேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான்தான் போனேன். அவர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "பரவாயில்லீங்க ஐயா" என்றார். எட்டு வயதிருக்கும் அவர் பெண், விழாவில் பாடுவதற்காக ஏதோ பாடம் செய்துகொண்டிருந்தது; என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டது. அன்றிரவு என் மனைவி, "நிஜமாகவே இடம் இல்லையா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. அந்த நாற்பது குடும்பங்களையும் விட்டால் அந்த ஊரில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்? என் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டபோது விடிய விடிய விழித்திருந்தவர்கள் அவர்கள். என் தந்தையார் மறைந்த தந்தி வந்தபோது ரயில் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தவர்கள் அவர்கள். நல்லவர்கள். அந்த நல்லவர்களின் முகம் கோணக்கூடாது என்றே ஒரு பொய்யைக் குறிப்பேட்டில் ஏற்றினேன். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

வேரிங்கின் வரலாறு எனக்குக் கற்றுத் தந்தது இதுதான். அநீதி பெரும்பாலும் தீயவர்களால் நிலைப்பதில்லை. விருந்துக்கு அழைக்கும் நல்லவர்களை இழக்க நாம் அஞ்சுவதால் நிலைக்கிறது. சட்டத்தை எதிர்த்து நிற்கப் பலர் துணிவர். சாப்பாட்டுப் பந்தியை எதிர்த்து நிற்பதே அரிது. வேரிங்கும் அறுபது ஆண்டுகள் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்தாம். ஆகவே, காலம் கடந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவர் எனக்கு இடம் தரவில்லை.

அன்று நான் எழுதிய குறிப்பை இனித் திருத்த முடியாது. அந்த ஏடு இன்று எங்கே இருக்கிறதோ! இடம் இருந்தது. நாற்பது இலை போட்ட கூடத்தில் இன்னும் நாலு இலை போட இடம் தாராளமாக இருந்தது. கமிட்டியில் ஒருவர் மாறுபட்டார் என்று அன்றே பதிவாகியிருக்க வேண்டும்; பதிவாகவில்லை. அந்தப் பதிவை இன்று, நம் சங்க ஏட்டின் வாயிலாக, நான் செய்துகொள்கிறேன். அந்தக் குடும்பத்தார் எங்கிருந்தாலும், அந்தச் சிறுமி இன்று ஐம்பதைக் கடந்த தாயாக எந்த ஊரில் இருந்தாலும், அவர்கள் கண்ணில் இது படுமாயின் என்னை மன்னிக்க வேண்டுகிறேன். கண்ணில் படாவிட்டாலும், அடுத்த பொங்கலுக்கு நம் கூடத்தில் இலை போடும்போது இடம் போதாது என்று யாரேனும் சொன்னால், குறிப்பு எழுதும் அன்பர் ஒரு கணம் பேனாவை நிறுத்துவாராக.